கறி போடாத பிரியாணி

உத்தமபாளையம்
10.10.2001

அன்புள்ள மச்சானுக்கு பாஜிலாவின் ஸலாம்.

இறைவன் கிருபையால் நானும் சமீனாவும் சுகம். மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் உங்களைப் பிடித்த இருமல் நின்றதா என்று அடுத்த கடிதத்திலாவது எழுதுங்கள். குருசாமி வீட்டுப் போனுக்கு நீங்கள் கூப்பிடும்போது அங்கே அத்தனை பேர் நிற்கிறார்கள், எனக்குப் பேச வாயே வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். இந்த வருஷமும் பெருநாள் மார்கழி பிறக்கிற நேரத்தில் வருகிறது. நம் தெருவில் லாரி சுருளியாண்டி, அதுதான் நம் குருசாமி, அவரோடு ஏழு வீட்டு ஆண்கள் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடப் போகிறார்கள். பெருநாளன்று நீங்கள் சமைக்கும் பிரியாணிக்காக வருஷமெல்லாம் காத்திருந்த வீடுகள் அவை. போன வருஷமும் இதே சிக்கல் வந்தது. நீங்கள் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினீர்கள். குருசாமி வீட்டம்மா அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார். "ஒரு வருசம் பூராம் ஆசையா இருந்தோம், பாய் எங்களுக்குப் பழத்தைக் குடுத்து ஏமாத்திட்டாக" என்கிறார்.

கறி போடாமல் ஒரு பிரியாணி செய்து கொடுத்தால் என்ன? கறிக்குப் பதில் எதைப் போடலாம்? எலும்புச் சாறு இல்லாமல் சோற்றுக்கு ருசி எப்படி வரும்? இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் உங்களுக்குத் தெரியாத சமையல் இல்லை. எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமீனா ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் ரேங்க். அத்தாவிடம் சொல்லச் சொன்னாள்.

உங்கள்
பாஜிலா


மஸ்கட்
4.11.2001

பாஜிலாவுக்கு அல்தாப் எழுதுவது. உனக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தருவானாக.

இருமல் போய்விட்டது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்பெனி மெஸ்ஸில் அறுநூறு பேருக்குச் சமையல். அடுப்புகள் எல்லாம் கேஸ். ஊரில் நம் முற்றத்தில் மூட்டும் விறகடுப்பு மாதிரி நான்கு மடங்கு எரியும். நான் கிண்டும் சோற்றைத் தின்றுவிட்டு மேனேஜரே வந்து தோளில் தட்டிவிட்டுப் போகிறார். கல்யாண மண்டபங்களில் எல்லாம் மதுரைக்காரன் வந்து காண்ட்ராக்ட் எடுத்த பிறகு ஊரில் என் அருமை தெரியாமல் போய்விட்டது. இங்கே தெரிகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். கறி போடாத பிரியாணி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அது தாளித்த சோறு. காரட்டையும் பட்டாணியையும் போட்டு ஓட்டலில் விற்கிறானே, அதைப் பிரியாணி என்று சொல்கிறவன் பிரியாணி தின்றதில்லை. பெருநாளைக்கு, கல்யாணப் பந்திகளுக்கெல்லாம் சமைத்த அல்தாப் பண்டாரி வீட்டிலிருந்து அப்படி ஒரு சோறு போனது என்று கம்பம் வரைக்கும் தெரிந்தால் நான் ஊருக்குத் திரும்பி எந்த முகத்தோடு கரண்டி பிடிப்பேன்?

சாமிகளுக்குப் பழமே போதும். வேண்டுமானால் இரண்டு சீப்பாகக் கொடு. சமீனாவின் ரேங்க் கேட்டுச் சந்தோஷம். அடுத்த முறை முதல் ரேங்க் வாங்கச் சொல்.

அல்தாப்


உத்தமபாளையம்
24.12.2001

மச்சானுக்கு, உங்கள் சுகத்துக்காகத் தொழுகையில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் இருவரும் நலம். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உங்கள் அண்ணன் அப்துல் காதர் கம்பத்திலிருந்து குடும்பத்தோடு வந்து போனார். அவர்களுக்குக் கறிப் பிரியாணிதான் செய்தேன்.

நீங்கள் கோபப்படக் கூடாது. சாமிகளுக்கும் சமைத்தேன்.

நான் கேட்டுப் போகவில்லை. குருசாமியே வந்து வாசலில் நின்றார். "ஆத்தா, எங்க வீட்டுப் பாத்திரம், எங்க அடுப்பு, எங்க விறகு. நீ வந்து கை மட்டும் வையி. இந்த வருசமும் வாழப்பழம்னா ஏழு வீட்டுப் பொம்பளைகளும் எங்களைச் சும்மா விட மாட்டாளுக" என்றார். பெரிய மனிதர் வந்து கேட்கும்போது எப்படி மறுப்பது?

குருசாமி வீட்டு முற்றத்திலேயே செய்தேன். காலையில் குளித்து, கறி தொட்ட எந்தச் சாமானையும் தொடாமல் போனேன். சேனைக்கிழங்கு இப்போதுதான் சந்தைக்கு வந்திருக்கிறது. கறித்துண்டு மாதிரி வெட்டினேன். எலும்புச் சாற்றுக்குப் பதில் பச்சை மொச்சை அவித்த தண்ணீர். தொட்டுக்கொள்ளும் தாளிச்சாவுக்கு முருங்கைக்காய். எலும்பு கடித்து உறிஞ்சும் சுகம் கொஞ்சமாவது இருக்கட்டும் என்றுதான். மற்றபடி நம் வீட்டு முறைதான், நம் வீட்டு மசாலாதான்.

குருசாமியோடு மலைக்குப் போகும் பக்கத்து ஊர்ச் சாமிகளும் சேர்ந்து முப்பது சாமி இருக்கும். சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றார்கள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பெருநாளுக்கு அங்கே நீங்கள் என்ன சமைத்தீர்கள்? புதுச்சட்டை போட்டீர்களா? சமீனா உங்கள் போட்டோவுக்கு எதிரே நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

பதிலை எதிர்பார்க்கும்
பாஜிலா


மஸ்கட்
3.2.2002

பாஜிலாவுக்கு. நான் இருக்கிறேன். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. நேற்று லீவு முடிந்து கம்பத்து ஷானவாஸ் வந்து சேர்ந்தான். இங்கே டிரைவராக இருக்கிறானே, அவன்தான். பெருநாளன்று குருசாமியைப் பார்க்க உத்தமபாளையம் வந்தானாம். மெஸ்ஸில் இருபது பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொல்கிறான்: "அல்தாப்பு, நீ பண்டாரின்னு இனிமே வெளியில சொல்லாதலே. பாஜிலா மச்சி கறியே போடாம ஒண்ணு கிண்டிருக்கு பாரு, அங்கன ஒரு சாமி சட்டியச் சுரண்டிக்கிட்டே சொல்றாரு, அல்தாப் பாய் கையில கூட இந்த மணம் வந்ததில்லன்னு."

இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ முப்பது சாமி என்று எழுதினாய். ஷானவாஸ் அறுபது என்கிறான். இரண்டாவது அடுப்பு மூட்டினாயாம், அதை எழுதவில்லை. சாமி சொன்னதையும் எழுதவில்லை. "வேறு விசேஷம் ஒன்றும் இல்லை" என்று எழுதினாய். என்னிடம் ஒளித்து வைக்கும் அளவுக்கு அது என்ன விசேஷம்?

நான் வேண்டாம் என்று எழுதியும் செய்தாய். அதை விடு. கறியில்லாமல் மணம் எப்படி வந்தது? மணம் கறியின் கொழுப்பில் இருந்து வருவது, எனக்குத் தெரியாதா? நீ என்ன போட்டாய், எவ்வளவு போட்டாய், எந்த நேரத்தில் போட்டாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. நான் தப்பு கண்டுபிடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தெரிந்துகொள்ளத்தான்.

பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அல்தாப்


உத்தமபாளையம்
2.3.2002

மச்சானுக்கு பாஜிலா. இங்கே சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது. உங்களுக்கு அங்கே வெயிலில் மூக்கில் ரத்தம் வருமே, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அறுபது பேர்தான். குறைத்து எழுதியதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். சாமி சொன்னதை எழுதாததற்கும் அதே காரணம். இவ்வளவு தூரத்தில் இருக்கிறவரை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

செய்த விதம் கேட்டீர்கள். சேனைக்கிழங்கைத் தோல் தடிமனாகச் சீவி, கறித்துண்டை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, புளித்தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் வேக்காடு வைக்க வேண்டும். புளி போடாவிட்டால் தொண்டை அரிக்கும். தண்ணீரை வடித்து, ஈரம் போக உலர்த்தி, கடலை எண்ணெயில் மேல்தோல் மட்டும் சிவக்கும்படி பொரிக்க வேண்டும். பிறகு கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு, புதினா, மிளகாய்த்தூள் போட்டு இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். கொழுப்புக்குப் பதில் தேங்காய்ப்பாலும் அரைத்த முந்திரியும். பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றையும் தாளிப்பதற்குப் பாதி, தம் போடும்போது இடித்துத் தூவப் பாதி. சோம்பு மட்டும் கறிப் பிரியாணிக்குப் போடுவதை விட ஒரு மடங்கு கூட. இவ்வளவுதான். ரகசியம் ஒன்றும் இல்லை.

இன்னொரு செய்தி. சின்னமனூர் மளிகைக்கடை ராஜமணி அண்ணாச்சி, அவர் மனைவி சுகிர்தம் அக்கா, இருவரும் வந்திருந்தார்கள். ஈஸ்டர் முடிந்து அவர்கள் மகள் பிரின்சிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பாளையங்கோட்டைப் பக்கம். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கறி தொடாதவர்களாம். "எங்க பக்கம் நூறு பேரும் பிரியாணி பிரியாணின்னு நிக்கிறாக, அவுக பக்கம் அம்பது பேரும் சாம்பார் போதும்னு நிக்கிறாக. ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உக்கார வைக்கணும்னா நீதான் வரணும் பாஜிலா" என்று சுகிர்தம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் பதினெட்டு.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாஜிலா


மஸ்கட்
25.3.2002

மரியாதைக்குரிய அண்ணன் அப்துல் காதர் அவர்களுக்கு தம்பி அல்தாப் ஸலாம் சொல்லி எழுதுவது. தங்கள் சர்க்கரை வியாதி கட்டுக்குள் இருக்கிறதா? மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.

பாஜிலா வெளியில் ஆர்டர் பிடித்துச் சமைக்கக் கிளம்பியிருக்கிறாள். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி சின்னமனூரில் நூற்றைம்பது பேருக்கு. நான் கடல் தாண்டி இருக்கும்போது என் வீட்டுப் பெண் ஊர் ஊராகப் போய்ப் பந்திக்குச் சமைத்தாள் என்றால் நம் குடும்பத்தைப் பற்றி நாலு பேர் என்ன பேசுவார்கள்? எனக்கு அது பிடிக்கவில்லை.

தாங்கள் ஒரு நடை போய் நிறுத்த வேண்டும். முற்றத்து அறையில் என்னுடைய செம்புத் தேக்சாக்கள் மூன்று இருக்கின்றன. அவற்றையும் கம்பத்துக்கு எடுத்துப் போய்விடுங்கள். பாத்திரம் இருந்தால்தானே கை துருதுருக்கும்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தாங்களே கேள்விப்பட்டு வந்த மாதிரி இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி
அல்தாப்


உத்தமபாளையம்
28.4.2002

மச்சானுக்கு. நாங்கள் சுகம்.

உங்கள் அண்ணன் வந்திருந்தார். மூன்று தேக்சாவையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். ஈயம் பூச வேண்டும் என்றார். சின்னமனூர் நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை.

சமீனா முழுப்பரீட்சை எழுதிவிட்டாள்.

பாஜிலா


மஸ்கட்
20.6.2002

அன்பு பாஜிலாவுக்கு அல்தாப். நீயும் சமீனாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதம் ஐந்து வரிதான் இருந்தது. அண்ணன் ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. பெரியவர், ஏதாவது நினைத்திருப்பார். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கும் இந்த வெயிலில் அடுப்படியில் நிற்கிற கஷ்டம் இல்லாமல் போயிற்று.

இப்போது தெருவில் யாரும் அந்தச் சேனைக்கிழங்குச் சோற்றைக் கேட்பதில்லையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஊருக்குப் போகும் ஓர் ஆளிடம் உனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் சமீனாவுக்குப் பேனா செட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வந்ததும் எழுது.

அல்தாப்


மஸ்கட்
15.9.2002

அன்பு பாஜிலா,

சென்ட் பாட்டில் வந்து சேர்ந்ததா இல்லையா என்று கூட நீ எழுதவில்லை. போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சமீனாவிடம் கொடுத்துவிடுகிறாய். அவள், "அத்தா, அம்மா இப்பல்லாம் மசாலாவே அரைக்கிறதில்ல, கடையில பாக்கெட்டு வாங்கிருது" என்கிறாள். உனக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? மறைக்காமல் எழுது.

நான்கு மாதமாகத் தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன்.

அல்தாப்


மஸ்கட்
20.12.2002

பாஜிலா,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ஷானவாஸ் வீட்டுக் கடிதத்தில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். நானும் சுகம். இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். இதை எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

அண்ணனுக்கு எழுதியது நான்தான். தேக்சாவை எடுக்கச் சொன்னதும் நான்தான். குடும்ப மானம் என்று எழுதினேன். அது பொய். அறுபது சாமிகள் உன் கைச்சோற்றைப் புகழ்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நூற்றைம்பது பேர் புகழப் போகிறார்கள் என்றதும் சோறு இறங்கவில்லை. அதுதான் நிஜம்.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. நான் இங்கே சமைக்கவில்லை. வந்த நாளிலிருந்து பாத்திரம் கழுவினேன். ஆறு மாதம் கழித்து வெங்காயம் உரிக்க விட்டார்கள். தலைமைச் சமையல்காரர் ஒரு மலையாளி, எல்லோரும் இக்கா என்று கூப்பிடுவோம். கரண்டியைத் தொட யாரையும் விடமாட்டார். மேனேஜர் என் தோளைத் தட்டியதே இல்லை. நீ அங்கே அடுப்பு முன்னால் நிற்கிறாய் என்று படிக்கும்போதெல்லாம் என் கை சோப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடந்தது. இருபது வருஷம் பண்டாரியாக இருந்தவன் நான். என் இடத்தில் நீ நிற்கிறாய் என்றே தோன்றியது.

இந்தப் பெருநாளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கேம்பில் ராஜஸ்தான், குஜராத் ஆட்கள் எழுபது பேர் உண்டு. கறி தொடமாட்டார்கள். பெருநாளன்று எல்லோருக்கும் பிரியாணி வரும், அவர்களுக்குப் பருப்பும் பச்சை வெங்காயமும் வரும். ஓரமாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் போவார்கள். நான் இக்காவிடம் போய், அவர்களுக்கு மட்டும் நான் சமைக்கட்டுமா என்று கேட்டேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார். உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். இங்கே மார்க்கெட்டில் கேரளத்துச் சேனை கிடைக்கிறது. நீ எழுதியதில் ஒரு வரி கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று கை வந்தது, என்னுடையது என்று ஏதாவது ஒன்று போட வேண்டும் என்று. போடவில்லை.

எழுபது பேரும் மூன்று தடவை வாங்கித் தின்றார்கள். ஒரு கிழவர் என் வெடித்த கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டுவிட்டு, "ஆரா இது படிப்பிச்சது?" என்று கேட்டார். யார் கற்றுக்கொடுத்தது என்கிறார். "நானேதான்" என்று சொன்னேன். என் வாய் அப்படித்தான் சொன்னது, பாஜிலா. எதிரே எழுபது பேர் சந்தோஷமாகத் தின்கிறார்கள், நான் உன் மேல் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் புகழ்ந்தது உன்னை என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

மறுநாள் காலை இக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, அடுத்த மாதத்திலிருந்து கறி வேண்டாதவர்கள் அடுப்பை நீயே பார் என்றார்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். இன்னும் இருக்கிறது. ஆனால் உன்னிடம் பொய் சொல்லும் அளவுக்கு இனி அதை வளர விடமாட்டேன். என்னை மன்னிக்க முடிந்தால் ஒரு வரி எழுது. முடியாவிட்டால் அதையாவது எழுது.

அல்தாப்


உத்தமபாளையம்
18.1.2003

மச்சானுக்கு பாஜிலா எழுதுவது. அல்லாஹ் உங்கள் கையை ஆற்றுவானாக. கழுவி முடித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நானும் சமீனாவும் சுகம்.

அண்ணனுக்கு எழுதியது நீங்கள்தான் என்று அன்றைக்கே தெரியும். அவர் வந்தபோது வாசலில் சுகிர்தம் அக்கா நிச்சயதார்த்தப் பத்திரிகையோடு நின்றுகொண்டிருந்தார். நான், "அவுகளுக்கு எழுதிட்டேன், அவுக ஒண்ணும் சொல்லலையே" என்றேன். உடனே அண்ணன் சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து, "ஒம்புருசன் என்ன எழுதிருக்கான்னு கேட்டுக்கம்மா" என்று சத்தமாக வாசித்துக் காட்டினார். பாத்திரம் இருந்தால்தானே கை துருதுருக்கும் என்பதையும் விடாமல். பாவம், தெரிய வேண்டாம் என்ற கடைசி வரியை வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

சுகிர்தம் அக்கா பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். விசேஷத்தில் ஓட்டல்காரனைக் கூப்பிட்டு இரண்டு பந்தியாகப் போட்டார்களாம். கறி தின்கிறவர்கள் ஒரு பக்கம், தின்னாதவர்கள் ஒரு பக்கம். நான் அன்றைக்கு முழுவதும் கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மசாலா அரைக்கவும் கை வரவில்லை.

நீங்கள் ஜூன் மாதம் "தெரியவில்லை" என்று எழுதினீர்களே, அப்போதுதான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. தேக்சாவை எடுத்ததை விட அதுதான் வலித்தது.

இந்தப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் குருசாமி வந்தார். "கம்பத்து மச்சான் சமைக்கக் கூடாதுன்னுட்டாக, என்னை மன்னிச்சிருங்க" என்று உங்கள் அண்ணனைச் சொல்லி மறுத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெருநாளன்று நாங்கள் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நாற்பது சாமிகள் அடுப்புக்கல், பாத்திரம், வெட்டிய சேனைக்கிழங்கு எல்லாம் தூக்கிக்கொண்டு நம் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். குருசாமி சொல்கிறார்: "ஆத்தா, நீ சமைக்க வேணாம். சேர் போட்டு இங்கன உக்காந்து வாயால சொல்லு. சமைக்கிறது நாங்க. இதுல எந்த மச்சான் குத்தம் சொல்லுவாக?"

உட்கார்ந்து சொல்லத்தான் செய்தேன். லாரி ஓட்டுகிற கையால் ஒருவர் தயிர் பிசைகிற அழகைப் பார்க்க முடியவில்லை. தம் போடுகிற நேரத்தில் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். முகம் சிவந்துபோய் நின்றார். குருசாமி எழுந்து போய், "வாங்க பாய், நல்ல நாளும் அதுவுமா நின்னுக்கிட்டு இருக்கீக, உக்காருங்க" என்று கையைப் பிடித்துப் பாயில் உட்கார வைத்து, முதல் தட்டை அவர் முன்னால் வைத்தார். தின்றார். இன்னொரு தட்டும் வாங்கித் தின்றார். என்னைப் பார்க்காமலேயே வண்டி ஏறிப் போய்விட்டார். மூன்றாம் நாள் டெம்போ வந்து தேக்சாக்களை இறக்கிவிட்டுப் போனது. மூன்றும் ஈயம் பூசிப் பளபளவென்று இருக்கின்றன.

பொறாமை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நமக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். இத்தனை வருஷமும் நீங்கள் போகிற கல்யாணத்துக்கெல்லாம் மசாலா இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நான். எது எவ்வளவு என்று ஒரு நாளும் நீங்கள் கேட்டதில்லை. சோம்பு கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று நானே தீர்மானித்தேன். பந்தியில் "அல்தாப் கை, அல்தாப் கை" என்று ஆண்கள் சொல்வது சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பந்தியில் இருக்கும் எனக்குக் கேட்கும். பக்கத்தில் இருக்கிறவள், "ஒம்புருசன் குடுத்து வச்சவரு" என்பாள். எனக்கு எரியும். அந்தத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருக்கும். வீட்டுக்கு வந்து உங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பேன். உங்களுக்கு வந்தது ஒரு வருஷத்துப் பொறாமை. எனக்குப் பதின்மூன்று வருஷத்து அனுபவம் உண்டு. அதனால்தான் உங்கள் கடிதத்தைக் கிழிக்காமல் முழுசாகப் படிக்க முடிந்தது.

மன்னித்தேனா என்று கேட்டால் இன்னும் முழுசாக இல்லை. நீங்கள் பொய் எழுதாமல் இருந்தால் அது தானாக நடக்கும்.

போன வாரம் சுகிர்தம் அக்கா மறுபடி வந்தார். வாசலிலேயே நின்று, "இப்பவாவது வருவியா, இல்ல இன்னொரு கடிதாசி வருமா?" என்றார். பிரின்சி கல்யாணம் மே மாதம் எட்டாம் தேதி. நானூறு பேர், ஒரே பந்தி. ஒத்துக்கொண்டுவிட்டேன். உங்களிடம் கேட்டு எழுதவில்லை, சொல்லி எழுதுகிறேன்.

அந்தச் சமயம் லீவு கிடைத்தால் வாருங்கள். நானூறு பேருக்கான தேக்சாவை என்னால் தனியாக இறக்க முடியாது. அடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் நில்லுங்கள், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். எந்தப் பந்தியாக இருந்தாலும் உப்புப் பார்க்கிறவர்தானே பண்டாரி? உப்பு நான் பார்ப்பேன்.

சமீனா ஸலாம் சொல்கிறாள்.

பாஜிலா